டெஸ்ட் எல்லாம் நார்மல், பிள்ளைக்கு வலி மட்டும் போகல. எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது?

தேன்சிட்டு

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்குப் பத்து வயசு. மூணு மாசத்துக்கு மேலாவே வயிறு வலிக்குதுங்கறான். தினமும் இல்ல, ஆனா எந்த வாரமும் சும்மா போறதில்ல. எங்கன்னு கேட்டா தொப்புளைச் சுத்தி உள்ளங்கையை வெச்சுக் காட்டறான். ரத்தம், சிறுநீர், மலம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாச்சு. எல்லாமே நார்மல். "உடம்புல ஒண்ணுமில்ல, ஸ்கூலுக்குப் போகப் பிடிக்காம சொல்றான்"னு ஒரு டாக்டர் சொல்லி அனுப்பிட்டார். ஆனா லீவு நாள்லயும் வலி வருது. ஆசையா விளையாடப் போனவன் பாதியில வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து படுத்துக்கறான். ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கலாம், விளையாட்டை விட்டுட்டு வர யாராவது நடிப்பாங்களா?

நிஜமா வலிக்குதா இல்லையான்னு பெத்தவங்க எப்படித் தெரிஞ்சுக்கறது? எதைப் பார்த்தா இதை விடக்கூடாதுன்னு முடிவு பண்ணணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேப்பமரத்தடி

கவலைப்படாதம்மா. பிள்ளைங்க வலிக்குதுன்னு சொல்றதும் ரெண்டு நாள்ல மறந்துடறதும் எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். என் பேரனுக்கு ராத்திரியில கால் வலின்னு அழுவான். வளர்ற வயசு, தானா போயிடும்னு விட்டோம், போயிடுச்சு. நீ திரும்பத் திரும்பக் கேட்டா அவனுக்கும் அதே நினைப்பாவே இருக்கும்.

சிற்றோடை

நான் குழந்தைகள் நல மருத்துவர். பிள்ளையைப் பார்க்காமல் இங்கே நோய் முடிவு சொல்ல மாட்டேன். நாங்கள் எப்படி யோசிக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தேன்சிட்டு, ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் நிஜம், தெரியாவிட்டால் நடிப்பு என்று இரண்டே வழி இருப்பதாக உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஒன்று உண்டு. இந்த வயதில் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலியில் பெரும்பாலானவை அந்த வகைதான். உறுப்பில் சேதம் இருக்காது, வலி முழுக்க நிஜமாக இருக்கும். குடலுக்கும் மூளைக்கும் இடையில் உள்ள நரம்புகள் குடலின் சாதாரண அசைவைக்கூட வலியாக உணரப் பழகிவிடுகின்றன. பல சமயம் ஒரு வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு இது தொடங்கும். ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். நரம்பு எவ்வளவு கூர்மையாகிவிட்டது என்பதைக் காட்டாது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை அது நாள்பட்ட வலி என்கிறது. வேறு நோயின் அறிகுறியாக இல்லாமல் வலியே நோயாக நிற்கும் நிலைக்குத் தனிக் குறியீடும் கொடுத்திருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதோ ஒரு நாள்பட்ட வலி இருக்கிறது. உங்கள் பிள்ளை அபூர்வமானவன் இல்லை.

ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். வலி அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? தொப்புளை விட்டு விலகி ஒரே பக்கத்தில் நிற்கிறதா? மலத்தில் ரத்தம், இரவில் வயிற்றுப்போக்கு, விடாத வாந்தி, விழுங்கும்போது வலி, காரணம் தெரியாத காய்ச்சல், ஆசனவாயைச் சுற்றிப் புண் இவற்றில் ஏதாவது உண்டா? குடும்பத்தில் யாருக்காவது குடல் அழற்சி நோயோ, கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயோ இருக்கிறதா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, எடை குறைகிறதா, உயரம் ஏறாமல் நின்றுவிட்டதா? நான் ஸ்கேனைக் கேட்பதற்கு முன்பே பழைய உயர, எடைக் குறிப்புகளைத்தான் கேட்பேன். குடலில் மறைந்திருக்கும் அழற்சியை வளர்ச்சிக் கோடு பல சமயம் வலிக்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

இவை எதுவும் இல்லை, வலி மாதத்துக்கு 4 தடவையாவது வருகிறது, அப்படியே 2 மாதமாவது நீடித்திருக்கிறது, பரிசோதித்த மருத்துவருக்கு வேறு நோய் தென்படவில்லை என்றால், குடல் செயல்பாட்டுக் கோளாறுகளுக்காக வல்லுநர்கள் வகுத்து 2016இல் வெளிவந்த ரோம் 4 வரையறைப்படி, நான் சொன்ன அந்த மூன்றாவது வகையை, அதாவது செயல்பாட்டு வயிற்றுவலி என்று உறுதியாகவே சொல்லலாம். பிள்ளையிடமும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பினால், தான் சொன்னதை யாரும் நம்பவில்லை என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

தேன்சிட்டு

ரொம்ப நன்றி டாக்டர். தூக்கத்துல எழுந்திரிக்கறதில்ல, எடையும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும் கேக்கணும். சில தடவை வலி வரும்போது முகம் அப்படியே வெளுத்துப் போயிடும், வாந்தி வர மாதிரி இருக்குன்னு சொல்வான், லைட்டை அணைக்கச் சொல்வான். ரெண்டு மூணு மணி நேரத்துல தூங்கி எழுந்தா எதுவுமே நடக்காத மாதிரி இருக்கான். எனக்கு ஒத்தைத் தலைவலி உண்டு. சம்பந்தம் இருக்குமா?

சிற்றோடை

இருக்கலாம். வயிற்று ஒற்றைத் தலைவலி என்று ஒன்று உண்டு. பெயரில் தலைவலி இருந்தாலும் வலி வயிற்றின் நடுவில்தான் வரும். ஒரு மணி நேரமாவது இருக்கும், பிள்ளையை எந்த வேலையும் செய்ய விடாது. முகம் வெளுப்பது, குமட்டல், சாப்பிடப் பிடிக்காதது, வெளிச்சம் பொறுக்காதது கூடவே வரும். ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாரக்கணக்காகப் பிள்ளை முழு நலமாக இருக்கும். உங்கள் மகனுக்கு வாராவாரம் வருவதால் இரண்டும் கலந்திருக்கவும் கூடும். இங்கே எழுதியதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள், உங்கள் தலைவலியையும் சேர்த்து. அந்தத் தகவல் எந்த ஸ்கேனிலும் வராது.

நடைவண்டி

நான் பிசியோதெரபிஸ்ட். வேப்பமரத்தடி ஐயா, உங்க பேரனுக்கு வலி ரெண்டு கால்லயும் இருந்ததா? காலையில எழுந்து ஓடினானா?

வேப்பமரத்தடி

ரெண்டு கால்லயும்தான் தம்பி. கெண்டைக்கால், தொடை. காலையில எழுந்தா எதுவுமே இருக்காது, ஓட்டமா ஓடுவான்.

நடைவண்டி

அப்போ நீங்க விட்டது சரிதான் ஐயா. வளர்ச்சி வலியோட அடையாளமே அதுதான். சாயங்காலம் இல்ல ராத்திரி வரும், ரெண்டு கால்லயும் வரும், மூட்டுல இல்லாம தசையில இருக்கும், தேய்ச்சு விட்டா இதமா இருக்கும், காலையில சுத்தமா போயிடும். ஏறக்குறைய மூணுலேர்ந்து பன்னிரண்டு வயசுக்குள்ள வரும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு. காலையில எழுந்ததும் நொண்டும், நேரம் போகப் போகச் சரியாகும். அந்தப் பிள்ளையை "வளர்ற வலி"ன்னு விடவே கூடாது. அது குழந்தைப் பருவ மூட்டழற்சியா இருக்கலாம். 16 வயசுக்குள்ள ஆரம்பிச்சு ஒரு மூட்டாவது 6 வாரத்துக்கு மேல வீங்கி இருந்தா அந்தச் சந்தேகம் வரணும். நிறையப் பேர் ரத்தத்துல முடக்குவாதக் காரணி இல்லைன்னதும் நிம்மதியாயிடறாங்க. பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது இருக்கவே இருக்காது. அழற்சி அளவுகள்கூட நார்மலா வரலாம். சின்னக் குழந்தைங்க வலிக்குதுன்னு வாயால சொல்றதுகூட இல்ல, தூக்கிக்கச் சொல்லும், மாடிப்படியில உக்கார்ந்து உக்கார்ந்து இறங்கும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, இந்த மூட்டழற்சி இருக்கற பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள்ளயும் அழற்சி வரலாம். கண்ணு சிவக்காது, வலிக்காது, சத்தமில்லாம பார்வையைக் கெடுத்துடும். அதனால கண்ணுல ஒரு குறையும் இல்லாத மாதிரி தெரிஞ்சாலும் கண் மருத்துவர்கிட்ட ஸ்லிட் லேம்ப் சோதனை (மெல்லிய ஒளிக்கற்றையைப் பாய்ச்சிக் கண்ணைப் பெருசாக்கிப் பார்க்கறது) முறையா நடக்கணும்.

வளரிளம் பிள்ளை முட்டி வலின்னு வந்தா நான் இடுப்பையும் அசைச்சுப் பார்க்காம அனுப்ப மாட்டேன். தொடை எலும்போட தலைப்பகுதி இடுப்பு மூட்டுல நழுவினா வலி முட்டியில தெரியும். முட்டியை எத்தனை எக்ஸ்ரே எடுத்தாலும் நார்மல்தான். உடம்பு கொஞ்சம் பருமனா, நொண்டிக்கிட்டு, பாதம் வெளிப்பக்கம் திரும்பின மாதிரி நடந்தா அன்னைக்கே எலும்பு மருத்துவரைப் பார்க்கணும். அதுவரைக்கும் அந்தக் கால்ல எடை போட விடாதீங்க.

கரும்பலகை

ஆசிரியை. வீட்டில் தெரியாத சில விஷயங்கள் வகுப்பில் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் பாடவேளையில் கையெழுத்து கோணலாக, மெதுவாக இருக்கும். மதியத்துக்கு மேல் அதே கை அழகாக எழுதும். இப்படி ஒரு மாணவியைப் பார்த்தேன். சோம்பல் என்று நினைக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. காலையில் விரல்கள் இறுகியிருப்பதாக அவளுக்கே சொல்லத் தெரியவில்லை, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். பிறகு விரல் மூட்டுகளில் அழற்சி இருப்பது உறுதியானது.

அதிலிருந்து, பிள்ளைகள் எதைச் சொல்கிறார்கள் என்பதைவிட எதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்று பார்க்கிறேன். ஓடி வந்தவன் ஓரமாக உட்கார்கிறான். தண்ணீர் பாட்டில் மூடியைப் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டுகிறாள். இடைவேளையில் படியிறங்காமல் வகுப்பிலேயே இருக்கிறான். ஒன்றொன்றாகப் பார்த்தால் சாதாரணம்தான். எல்லாம் ஒரே பருவத்தில் சேர்ந்து வந்தால் நான் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடுவேன்.

பெற்றோர்களே, நீங்களும் ஆசிரியரிடம் கேளுங்கள். "நல்லா படிக்கிறானா" என்று கேட்டால் மதிப்பெண்தான் பதிலாக வரும். "அவன் முன்பு செய்து இப்போது செய்யாதது என்ன" என்று கேளுங்கள்.

நீலப்பறவை19

நான் இப்ப காலேஜ் படிக்கறேன். இந்த இழையில பிள்ளைங்க பக்கத்திலிருந்து யாரும் பேசலங்கறதால எழுதறேன்.

பதிமூணு வயசுலேர்ந்து மாதவிடாய்ல நிக்க முடியாத வலி. எல்லாருக்கும் வர்றதுதானேன்னு வீட்டுலயும் சொன்னாங்க, டாக்டரும் சொன்னாங்க. மூணாவது நாலாவது தடவை அதே பதில் வந்ததும் நான் சொல்றதையே நிறுத்திட்டேன். வலி நின்னதால இல்ல. சொல்லி நம்பாம போறது வலியைவிடக் கஷ்டமா இருந்துச்சு. வெளியிலிருந்து பார்த்தா நான் "சரியாயிட்டேன்". அம்மா நிம்மதியா இருந்தாங்க.

யாராவது கவனிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். மாசாமாசம் அதே நாட்கள்ல லீவு. டான்ஸ் கிளாஸை விட்டேன். எதுக்கும் முன்கூட்டியே வரேன்னு சொல்ல மாட்டேன். மாத்திரை போட்டும் எழுந்து நிக்க முடியல. ஸ்கேன் நார்மல். பல வருஷம் கழிச்சு எண்டோமெட்ரியோசிஸ்னு தெரிஞ்சது, கருப்பையோட உள்சவ்வு மாதிரி திசு கருப்பைக்கு வெளியில வளர்ற நோய். ஆரம்ப நிலையில அது ஸ்கேன்ல தெரியாம போறது சகஜம்னு அப்பத்தான் எனக்குச் சொன்னாங்க.

நான் கேக்கறது ஒண்ணுதான். பிள்ளை வலிக்குதுன்னு சொல்றதை நிறுத்திட்டா, ஏன்னு யோசிங்க. வலி உண்மையிலேயே போயிருந்தா பிள்ளை பழைய விஷயங்களுக்கெல்லாம் தானா திரும்பிப் போயிருக்கும். அது நடக்கலன்னா வலி போகல.

சிற்றோடை

நீலப்பறவை, நீங்கள் எழுதியதை மருத்துவர்களும் படிக்க வேண்டும். மாதவிடாய் வலிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தை முறையாக எடுத்தும் சில மாதங்களில் குறையாமல், பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு இருந்தால், அதை வயதுக் கோளாறு என்று ஒதுக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் உறுதியாக உலகளவிலேயே பல ஆண்டுகள் தாமதமாகிறது. அந்தத் தாமதம் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில்தான் தொடங்குகிறது.

வேப்பமரத்தடி

படிக்கப் படிக்க மனசு கனக்குதும்மா. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் டாக்டர். கேட்டா வலி கூடும்னு நான் சொன்னேன். கேக்காம விட்டா இந்தப் பொண்ணு மாதிரி பிள்ளை வாயை மூடிக்கும். அப்போ என்னதான் பண்றது?

சிற்றோடை

இந்த இழையிலேயே மிக நல்ல கேள்வி, ஐயா. நீங்கள் முதலில் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2006இல் ஓர் ஆய்வு வந்தது. செயல்பாட்டு வயிற்றுவலி உள்ள பிள்ளைகளையும் நலமான பிள்ளைகளையும் நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, வயிறு உப்பிய நிலையில் பெற்றோரில் சிலரை வலியைப் பற்றிப் பரிவாகப் பேசவும், சிலரைப் பேச்சை மாற்றவும், சிலரை இயல்பாக இருக்கவும் சொன்னார்கள். வலியைப் பற்றியே பரிவாகப் பேசிக்கொண்டிருந்த பெற்றோரின் பிள்ளைகள் முறையிட்டது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பேச்சை வேறு பக்கம் திருப்பிய பெற்றோரின் பிள்ளைகளிடம் பாதியாகக் குறைந்தது. என்னை மிகவும் தொட்டது வேறொன்று. பேச்சை மாற்றினால் பிள்ளை மனம் புண்படும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். வலியுள்ள பிள்ளைகளோ அதுதான் இதமாக இருந்ததாகச் சொன்னார்கள்.

ஆகவே நம்புவதும் நச்சரிக்காமல் இருப்பதும் சேர்ந்தே நடக்கலாம். ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள்: "உனக்கு வலிக்கிறது, எனக்குத் தெரியும், இதற்கு வழி பார்க்கிறோம்." அதன் பிறகு மணிக்கு ஒரு தரம் "இப்போ எப்படி இருக்கு" என்று கேட்க வேண்டாம். குறிப்பு எழுத வேண்டுமானால் இரவில் ஒரு தடவை போதும். வலிக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதுவதைவிட, அன்று பள்ளிக்குப் போனானா, எப்படித் தூங்கினான், விளையாடினானா என்று எழுதுங்கள். மருத்துவருக்கு அதுதான் அதிகம் பேசும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் 0 முதல் 10 வரை எண் கேட்பதால் பெரிய பயன் இல்லை. நாலு வயதிலிருந்தே முகப் படங்களைக் காட்டிக் கேட்கலாம்.

தலைவலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் நெற்றியின் இரு பக்கமும் வரும், பெரியவர்களைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் கோட்டை விடுகிறோம். விடியற்காலையில் எழுப்பும் தலைவலி, காலை வாந்தி, பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, நாளுக்கு நாள் கூடுவது இருந்தால் காத்திருக்கக் கூடாது. சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, சில மாதங்கள் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். வைரஸ் காய்ச்சலோடு சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய் என்னும் ஆபத்து இருப்பதால், மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

தேன்சிட்டு

அப்போ வலி போகற வரைக்கும் ஸ்கூலுக்கு அனுப்பாம ஓய்வுல வெச்சிருக்கறது தப்பா?

நடைவண்டி

வேற நோய் இல்லைன்னு மருத்துவர் உறுதி பண்ணின பிறகு, ஆமாங்க, நீண்ட ஓய்வு கெடுதல்தான். வலி போனா நடமாட்டம் வரும்னு காத்திருப்போம். நடக்கறது தலைகீழ். முதல்ல தூக்கம், ஸ்கூல், விளையாட்டு திரும்பும், வலி அதுக்குப் பின்னாடிதான் குறையும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளோட நாள்பட்ட வலிக்குன்னே கொடுத்த வழிகாட்டுதலும் உடலுக்கான பயிற்சி, மனத்துக்கான சிகிச்சை, தேவைப்பட்டா மருந்து மூணையும் பிள்ளைக்கு ஏத்த மாதிரி பயன்படுத்தச் சொல்லுது. மனசுக்கான சிகிச்சைன்னா வலி கற்பனைன்னு அர்த்தம் இல்ல. அதை வீட்டுல தெளிவா பேசிடுங்க. அரை நாள் ஸ்கூல்ல ஆரம்பிச்சாலும் போதும்.

இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் சி.ஆர்.பி.எஸ். நோய், பெரும்பாலும் ஒரு அடிக்குப் பிறகு கையிலயோ கால்லயோ வர்ற நாள்பட்ட வலி. கணுக்கால் லேசா சுளுக்கும். சுளுக்கு ஆறின பிறகும் வலி ஏறிக்கிட்டே போகும். சாக்ஸ் பட்டாலே துடிப்பாங்க. அந்தக் கால் மட்டும் சில்லுன்னு, நீலம் பாய்ஞ்ச மாதிரி, இல்லைன்னா சூடா சிவந்து இருக்கும். பதின்ம வயசுப் பெண் பிள்ளைகள்ல அதிகம், கையைவிடக் கால்ல அதிகம். "இவ்வளவு சின்ன அடிக்கு இவ்வளவு அழுகையா"ன்னு கேப்பாங்க. அடிக்குப் பொருந்தாத அந்த வலிதான் அடையாளமே. மாவுக்கட்டுப் போட்டு அசையாம வெச்சா மோசமாகும். கொஞ்சம் கொஞ்சமா தொட்டுப் பழக்கி, எடை போட்டு நடக்க வெச்சா பிள்ளைங்க பெரியவங்களைவிட நல்லாவே தேறிடுவாங்க. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கறோமோ அவ்வளவு நல்லது.

மௌனராகம்

இழை நீண்டுவிட்டது, ஆனாலும் கேட்கிறேன். என் மகளுக்குப் பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி). பேச்சு இல்லை. சில வாரமாக இரவில் அழுகிறாள், கையைக் கடித்துக்கொள்கிறாள். "இவளுக்கு இது வழக்கம்தானே" என்கிறார்கள். இவள் வலியை எப்படி அறிவது?

சிற்றோடை

கேட்டது நல்லது, அம்மா. சொல்ல முடியாதவர்களின் வலியை நம்பாமல் விட்ட வரலாறு மருத்துவத்துக்கே உண்டு. 1980கள் வரை பச்சிளங்குழந்தைகளுக்குப் போதுமான வலி மருந்தில்லாமலே அறுவை சிகிச்சை செய்தார்கள். 1987இல் ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, வலி மருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகள் அறுவை சிகிச்சையை நன்றாகத் தாங்கியதைக் காட்டிய பிறகுதான் அந்த வழக்கம் மாறத் தொடங்கியது.

உங்கள் மகளுக்குப் பொருந்தும் அளவுகோல்கள் இருக்கின்றன. திருத்தப்பட்ட ஃப்ளாக் அளவுகோல் முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது ஆகிய ஐந்தையும் பார்த்து 10க்கு மதிப்பிடும். அவளுக்கே உரிய வலி அடையாளங்களை நீங்கள் அதில் சேர்த்துக்கொள்ளலாம். பேசாத பிள்ளைகளுக்கென்றே ஒரு வலிப் பட்டியலும் உண்டு, அதை நிரப்புவது அவளை நன்றாக அறிந்த நீங்கள்தான். புதிதாக வந்த நடத்தையை வழக்கம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அழும்போது கைபேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெருமூளை வாதத்தில் முதலில் தேட வேண்டியவை இடுப்பு மூட்டு விலகல், மலச்சிக்கல், இரைப்பை அமிலம் மேலேறுவது, பல், தசை இறுக்கம். கவனிக்காத எலும்பு முறிவும் இருக்கலாம். உடை மாற்றும்போது, தொடையை விரிக்கும்போது அழுகை கூடுகிறதா? சாப்பிட்ட பிறகு படுக்க வைத்தால் வருகிறதா?

மௌனராகம்

டயப்பர் மாற்றும்போது இடது தொடையை விரித்தால் கூடுகிறது. இப்போதுதான் அதைத் தனியாக யோசிக்கிறேன்.

சிற்றோடை

அப்படியானால் இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், இந்த வாரமே. கடைசியாக எப்போது எடுத்தது என்று பார்த்து, அந்தப் படம் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். அதுவரை அந்தக் காலை வலுக்கட்டாயமாக விரிக்கும் பயிற்சி வேண்டாம்.